தலையணை அருகே ஒரு மைக்

அம்மாவுக்கு எலும்பில் புற்று என்று தெரிந்ததும், வங்காளத்தில் துறைமுக வயர்லெஸ் பிரிவில் இருந்த அப்பா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் புகுந்தார். அது 1998. அம்மாவின் குரல் அதற்குள் தேய்ந்துவிட்டிருந்தது. அவள் கூப்பிடுவது குக்கர் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

சாந்தினி மார்க்கெட்டில் மைக், ஸ்பீக்கர், பட்டாணி அளவு டிரான்சிஸ்டர்கள் இரண்டு எல்லாம் வாங்கி வந்தார். மைக் தலையணை அருகே, ஸ்பீக்கர் அடுப்பு மேடையில். டிரான்சிஸ்டரைக் காட்டி அம்மாவுக்கு விளக்கம் வேறு.

“இதுக்கு மூணு கால், பாகீ. உன் குரல் துளியூண்டு கரண்டா நடுக்கால்ல போகும். அது போனாத்தான் மத்த ரெண்டு காலுக்கு நடுவுல பெரிய கரண்ட் ஓடும். நீ முணுமுணுத்தாலே போதும், அங்க சத்தமாக் கேக்கும்.”

வலியில் கிடப்பவளுக்கு இந்தப் பாடம் தேவையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மா சமர்த்தாகத் தலையாட்டினாள்.

ஸ்பீக்கர் வாயே திறக்கவில்லை.

“கூப்பிடலையா?”

“கூப்பிட்டேனே. உங்களுக்குக் கேக்கலையா?”

அப்பா பேசினால் கேட்டது. ஆகவே அம்மாவின் குரல்தான் போதவில்லை என்று முடிவு கட்டினார். முதல் டிரான்சிஸ்டரிலிருந்து வருவதை இன்னொன்றின் நடுக்காலுக்குக் கொடுத்து மேலும் பெருக்கினார். பற்றவைக்கும்போது விரலெல்லாம் சுட்டுக்கொண்டார். விட்டுத்தொலையுங்களேன் என்று நான் கத்தியும் விடவில்லை.

மறுநாள் எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெண்மணி மித்ரா மாஷி அம்மாவைப் பார்க்க வந்தாள். நானும் அப்பாவும் சமையலறையில் இருந்தோம். ஸ்பீக்கரில் ஒரு முனகல் கேட்டது. எங்கள் முன்னால் அம்மா ஒருநாளும் முனகியதில்லை. பிறகு மாஷி வங்காள மொழியில் கேட்டாள், இவ்வளவு வலிக்கிறதே, அவரைக் கூப்பிடட்டுமா என்று.

“வேண்டாம் தீதி,” என்றாள் அம்மா அதே மொழியில். “கூப்பிட்டா சாப்பாட்டைப் போட்டுட்டு ஓடி வருவார். அதான் நான் கூப்பிடறதே இல்ல. மெஷின் சரியில்லைன்னு நெனச்சுக்கிட்டிருக்கார், பாவம்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். அறைவரை கேட்டுவிடாதபடி ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்தார். மாஷி போனபிறகு அம்மாவிடம் போய் உட்கார்ந்தார்.

“இது தேறாது பாகீ. கழட்டவும் சோம்பலா இருக்கு. கெடந்துட்டுப் போகட்டும்.”

“நான் அப்பவே நெனச்சேன்,” என்றாள் அம்மா.

அதன்பின் ஸ்பீக்கர் முனகும்போதெல்லாம் அப்பா தற்செயலாக வருவதுபோல அறைக்குள் போவார். கண்ணாடியைத் தேடுவார், ஜன்னலைச் சாத்துவார், அப்படியே மாத்திரையும் கொடுத்துவிடுவார். தன் வலி அவருக்குத் தெரியாது என்ற நிம்மதியோடுதான் அம்மா போனாள். அப்பாவுக்கு ஒவ்வொரு முனகலும் கேட்டது.