கேரவனுக்கு வாட்டம் பிடித்தவர்

மட்டாஞ்சேரியில் அழகர் போட்ட குளியலறைத் தரையில் தண்ணீர் தேங்கியதாக இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. இதை ஊரார் சொல்லிக் கேட்டதைவிட அழகர் சொல்லிக் கேட்டதுதான் அதிகம். தேனிப் பக்கத்திலிருந்து வந்து இருபத்திரண்டு வருஷமாக டைல்ஸ் ஒட்டுகிறார். முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன; வாய் மட்டும் தேயவில்லை. ராமபத்ரன் சாயாக்கடையில் இரண்டாவது சாயாவுக்குக் கிளாஸை நீட்டிக்கொண்டே, "தண்ணி என் பேச்சைக் கேக்கும்" என்பார்.

அந்தப் பேச்சைத்தான் ஷபானா கேட்டுவிட்டாள்.

ஷபானாவிடம் ஒரு கேரவன் இருந்தது. பழைய வேனுக்குள் இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு ஆள் திரும்பி நிற்கிற அளவுக்குக் குளியலறை. சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டுவாள். மழைக்காலம் முழுக்க வண்டி சும்மா நின்று, இப்போதுதான் முதல் சவாரி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஆலுவா ஸ்டேஷனில் ஒரு கோயம்புத்தூர்க் குடும்பம் வந்து இறங்கும். அந்த நேரம் பார்த்து, குளிக்கிறவர் நிற்கும் பைபர் தட்டு குறுக்கே விரிசல் விட்டு, அடிப்பலகை ஊறிக் கிடந்தது. இந்தச் சவாரியும் கைவிட்டுப் போனால், மீன் பொரிக்கிற கடை வைக்க வண்டியைக் கேட்டு நச்சரிக்கிற ஆளுக்கே விற்றுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

கும்பளங்கியில் படகுகளுக்கு பைபர் ஒட்டும் அனூப் அதே அளவில் புதுத் தட்டு செய்து கொண்டுவந்தான். பொருத்துவது அழகர் பொறுப்பு. பழைய தட்டு இருந்த சட்டத்தில் அப்படியே இறக்கி வைத்தால் போதும், வேறொன்றும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான் அனூப். படகு ஒட்டுகிறவன் கொத்தனாருக்குத் தரை சொல்லிக்கொடுப்பதா என்று அழகருக்குச் சுருக்கென்றது.

யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் மிளகுக் கிடங்கின் முற்றத்தில் வண்டி நின்றது. வியாழக்கிழமை காலையில் அழகர் ஏறினார். ஊறிய பலகையைப் பெயர்த்துப் புதுசு போட்டார். தட்டுக்கு அடியில் வெற்றிடம் இருந்ததால்தான் மிதிக்க மிதிக்க நெளிந்து உடைந்தது என்று கண்டுபிடித்து, இடைவெளியெல்லாம் கட்டை கொடுத்தார். நல்ல வேலை. அதோடு வீட்டுக்குப் போயிருந்தால் இதைச் சொல்ல வேண்டிய தேவையே வந்திருக்காது.

புதுத் தட்டைச் சட்டத்தில் வைத்துவிட்டுப் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். கண்ணாடிக்குள் ஓடும் அந்தக் குமிழியைக் கேட்காமல் அவர் ஒரு தரையையும் விட்டதில்லை. குமிழி ஓரத்துக்கு ஓடியது. தண்ணீர் இறங்கும் துவாரம் இடது பக்கம். அந்தப் பக்கம் தட்டு அளவுக்கு மீறிச் சரிந்திருந்தது. அடிக்குக் கால் அங்குலம் சரிவு, அதுதான் அவர் பிடிக்கும் வாட்டம். அதற்கு மேல் சரிந்தால் கால் வழுக்கும். கேரவன் கட்டியவனுக்கு வாட்டமே தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டு, துவாரத்துப் பக்கம் இரண்டு விரல் கனத்துக்குக் கட்டை சொருகி உயர்த்தி, கெட்டிப் பசை வைத்து அழுத்தினார்.

சாயங்காலம் ஷபானாவைக் கூப்பிட்டு ஒரு மக் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் அவர் பேச்சைக் கேட்டு நேராகத் துவாரத்துக்குப் போனது. கேரவன் கம்பெனிக்காரனே தன்னிடம் வந்து படிக்க வேண்டும் என்று வீட்டில் மனைவி மாயம்மாளிடம் சொன்னார்.

"அப்ப நாளைக்கு நம்ம பாத்ரூமைப் பாருங்க" என்றாள் அவள். "ஒரு வாரமா முக்குல தண்ணி நிக்குது."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஷபானா போன் செய்தாள். தண்ணீர் நிரப்ப வண்டியைத் தெருவுக்கு எடுத்து வந்திருந்தாள். "அழகரண்ணா, பாத்ரூம் வெள்ளம் கட்டில்கிட்டப் போகுது. ஒண்ணு வேகமா வரணும்."

போகிற வழியிலேயே அழகர் குற்றவாளியை முடிவு செய்துவிட்டார்: துவாரத்தில் ஏதோ அடைத்திருக்கும். போய் ஒரு மக் ஊற்றினார். தண்ணீர் துவாரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வலது பக்கம் கதவோரம் போய்க் கூடி, விளிம்பேறிக் கட்டிலடிக்கு நடந்தது. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நேற்றைக்கு எதிர்ப்பக்கம் ஓடியது.

மெதுவாக இறங்கிக் கிடங்கு முற்றத்துக்குப் போய்ப் பார்த்தார். வண்டியின் இடது சக்கரங்கள் நின்ற இடத்தில் பழைய ஓடையின் மூடிக்கற்கள் உள்வாங்கிக் கிடந்தன. வண்டியே சாய்ந்து நின்றிருக்கிறது. மிளகுக் கிடங்கின் சரிவை அளந்து கேரவனுக்குள் ஒட்டியிருக்கிறார். வீடு என்றால் இருக்கிற இடத்தில் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் போட்ட ஒரு தரைக்கும் சக்கரம் இருந்ததில்லை.

அனூப் செய்த தட்டு கோணல் என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தார். நல்ல பொய்தான், அவள் நம்பவும் செய்வாள். ஆனால் திரும்பி வந்தபோது ஷபானா, வர வேண்டாம் என்று சொல்வதற்காகக் கோயம்புத்தூர்க்காரர் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"போனை வைங்க ஷபானா இத்தா. தப்பு என்னோடது. வண்டி சாஞ்சு நின்னுச்சு, நான் பாக்கல."

"இப்பப் பெயர்க்க முடியுமோ?"

"பசை இறுகிப்போச்சு. அவசரமாப் பெயர்த்தா தட்டு பொளந்துரும்."

"பின்ன என்ன செய்யிறது?"

"தட்டை அசைக்க முடியாது. வண்டியைச் சாய்ச்சிரலாம்."

ஷபானா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து அழகர் இரண்டு சாரப் பலகை தூக்கிவந்து வலது சக்கரங்களுக்கு முன்னால் போட்டார். அவள் வண்டியை ஏற்றினாள். ஒரு மக் ஊற்றினார். தண்ணீர் நல்ல பிள்ளையாகத் துவாரத்துக்குப் போனது.

சரி, குளிக்கலாம், இப்படியே சரிந்து படுத்தால் ஆட்கள் கட்டிலிலிருந்து உருண்டு விழ மாட்டார்களா என்று கேட்டாள். படுக்கும்போது இறக்கிவிடலாம், குளிக்கும்போது மறுபடி ஏற்றலாம் என்றார் அழகர். பலகையை யார் போடுவது என்பதை மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. ஷபானா யோசித்திருந்தாள். எட்டி முன்கதவைத் திறந்துவிட்டாள்.

"கேறு அண்ணா."

பத்தே முக்காலுக்கு ஆலுவா ஸ்டேஷன் வாசலில் கேரவன் நின்றது. மூன்று நாள் சுற்றினார்கள். காலையில் அந்தக் குடும்பத்தில் யாராவது தோளில் துண்டோடு எட்டிப் பார்த்து, "அண்ணா, குளிக்கலாமா?" என்பார்கள். அழகர் தேய்ந்த முட்டியை ஊன்றிப் பலகையைப் போடுவார், ஷபானா ஏற்றுவாள். கடைசி ஆள் தலை துவட்டியதும் இறக்குவாள். ஊர் திரும்பியதும் கூலி இல்லாமல், நிதானமாகப் பசையை அறுத்துத் தட்டைப் பெயர்த்து, சட்டத்தில் அப்படியே வைத்துத் தருவதாகப் பேச்சு. அனூப் சொன்னபடி என்ற வார்த்தையை மட்டும் அவர் விழுங்கிக்கொண்டார்.

இரண்டாம் நாள் கும்பளங்கியில் அந்தக் குடும்பத்து மனிதர் பக்கத்தில் குந்தி அவர் வேலையைக் கவனித்தார். எத்தனை வருஷமாக இந்தத் தொழில் என்று மரியாதையாகக் கேட்டார்.

"நேத்துதான் ஆரம்பிச்சேன்" என்றார் அழகர், பலகையை உள்ளே தட்டியபடி.