சூடாக இருந்த டிவி

டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

தேவசியாச்சன் ஒன்றும் அறியாதவர்போல் சாய்வு நாற்காலியில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வருஷம் இந்த மனிதருடன் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். ஜெபமாலையை அவராக எடுத்தால் ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அம்பது நோம்பு தொடங்கிய அன்றே மாதா முன்னால் இருவரும் நேர்ந்துகொண்டோம். ஈஸ்டர்வரை மீன் இல்லை, இறைச்சி இல்லை, டிவி இல்லை. எல்லாம் டெஸ்ஸிக்காக. அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்துவிட்டது. இப்போது நாலாம் மாதம். இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும். இவர் நேர்ச்சையை முறித்து ஏதாவது ஆகிவிட்டால்?

அவர் படுத்ததும் டிவியைப் போட்டேன். வேவு பார்ப்பது படம் பார்ப்பதில் சேராது. என் தம்பி குவைத்திலிருந்து கொண்டுவந்த பழைய டிவி அது. நெட்டில் படங்கள் வரும் பக்கம் திறப்பதற்குள் ஒரு கஞ்சி வேகும். 'இந்தக் கருவியில் இனி இயங்காது' என்று மாசத்துக்கு ஒருமுறை பயமுறுத்திவிட்டு மறுபடி இயங்கும். படம் பார்க்கும் சந்தாக் கணக்கு டெஸ்ஸியுடையது. புது டிவியென்றால் யார் பார்ப்பது என்று கேட்டுப் பிரித்து வைக்குமாம். இதில் அவள் அங்கே பார்ப்பதும் நாங்கள் இங்கே பார்ப்பதும் ஒரே பட்டியல்.

பாதியில் விட்ட படங்களின் வரிசையில் முதலாவதாக ஒரு கொரியக் காதல் தொடர். ஒன்பதாம் பாகம். கீழே, எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக் கோடு. அறுபத்தாறு வயதில் கொரியக் காதல்! விரலை வைத்து அளந்தேன். ஒரு விரற்கடை.

மறுநாள் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து வந்து பார்த்தால் பத்தாம் பாகம். டெஸ்ஸியாக இருக்குமோ என்றும் யோசித்தேன். ஆனால் இங்கே சாயங்காலம் நாலு மணியென்றால் அங்கே காலை பத்தரை. அவள் வார்டில் நிற்கும் நேரம். ஆக, முட்டுவலி என்று சொல்லிக் கோயிலுக்கு வராமல் வீட்டில் இருந்த ஆள்தான்.

"பகல்ல என்ன செஞ்சீங்க அச்சாயா?"

"என்னத்தச் செய்ய? ரப்பர் ஷீட்டப் பெரட்டிப் போட்டேன்."

"முட்டுவலியோடயா?"

"எடி ஏலி, நீ போலீஸ்ல சேந்திருக்கணும்டி."

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையின் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன். பின்வாசல் வழியாக நுழைந்தேன். அவர் கையில் ரிமோட். டிவியில் பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"வெக்கமா இல்ல? நம்ம பொண்ணு வயித்துல இருக்கற உசுரவிட அந்தக் கொரியாக்காரி பெருசாப் போச்சா?"

வழக்கம்போல் அவர் திருப்பிக் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கண் கலங்கியது.

"நான் ஒண்ணும் பாக்கலடி. கோடு நகந்துச்சான்னு மட்டும்தான் பாக்கறேன்."

"என்ன கோடு?"

"டெஸ்ஸி வேலைக்குப் போகல. ரெண்டு வாரம் ஆச்சு. ரத்தம் பட்டுச்சாம். அசையாமப் படுக்கச் சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டா."

"போன் பண்ணிக் கேட்டா ஆகாதா?"

"கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. உன் மகதானே! கோடு நகந்தா வீட்ல படுத்துப் படம் பாக்கறான்னு அர்த்தம். நகரலேன்னா..." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. என்னிடம் மறைத்த அவள்மேல், அவளோடு சேர்ந்த இவர்மேல், ஒன்றும் தெரியாமல் இவரை வேவு பார்த்துக்கொண்டிருந்த என்மேல். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இந்தப் பாழாய்ப்போன டிவியை மாற்றுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

பட்டியல் வந்தது. பதினொன்றாம் பாகம்.

"நேத்தும் பதினொண்ணுதான்" என்றார். "கோடு எங்க நின்னுச்சுன்னு ஞாபகமில்லடி."

எனக்கு ஞாபகம் இருந்தது. அவரைப் பிடிப்பதற்காக நேற்று ராத்திரியும் அளந்து வைத்திருந்தேன். இரண்டு விரற்கடை.

எழுந்து போய்த் திரையில் விரல்களை வைத்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவது விரலுக்கும் சிவப்புக் கோட்டில் இடம் இருந்தது.

"நகந்திருக்கு அச்சாயா" என்றேன். டிவியைப் பார்த்தபடியே சிலுவை போட்டுக்கொண்டேன்.