அணைக்கட்டுப் பெட்டியில் ஓர் எலி

எலி சிக்காத கவலையில் தூக்கம் கெட்ட மனிதன் எங்கள் பள்ளத்தாக்கில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் எல்லாம் அதைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமைதோறும் நானும் என் தோழி நயரியும் பழைய அணைக்கட்டு வரை நடப்போம். வழியெல்லாம் மரப்பெட்டிகளில் எலிப்பொறி. நான் பெட்டி மூடியின் திருகாணியைக் கழற்றுவேன், அவள் இரையாகப் பீநட் பட்டர் வைப்பாள். பறவைகளின் முட்டையைத் தின்னும் எலிகளை ஒழிக்க ஊரே இப்படித்தான் வாரம் ஒருநாள் காட்டுக்குள் போகிறது. நயரிக்குப் பறவைதான் முக்கியம். எனக்கு? ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நான். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும், நிறுத்தம் வராமலே பேச்சை ஓட்டிக்கொண்டிருப்பேன்.

கோடையிலிருந்து ஓர் எலிகூட விழவில்லை. பிறகு ஊர் எலிப்பொறிக் குழுவின் பொறுப்பாளன் ஹேமியிடமிருந்து செய்தி வந்தது. நம் வழியில் இனி புதுவகைப் பொறி வைக்கப்போகிறார்கள். எலி விழுந்தால் அதுவே போனில் சொல்லிவிடும், யாரும் நடக்க வேண்டாம், வியாழனன்று கடைசியாக ஒருமுறை மூவரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றான்.

யாரும் நடக்க வேண்டாம் என்பதைப் பலமுறை படித்தேன். 'நயரி, வியாழக்கிழமை உன்னைப் பார்க்காவிட்டால் எனக்கு வாரமே ஓடாது' என்று நேரே போய்ச் சொல்லியிருக்கலாம். எங்கள் ஊர் ஆண்கள் அப்படியெல்லாம் சொல்வதில்லை. வேலிக்கு மேலாக மழையைப் பற்றிப் பேசுவோம்.

என் தோட்டத்துக் குப்பைத் தொட்டியருகே வைத்த பொறியில் அந்த வாரம் ஓர் எலி விழுந்திருந்தது. அதை ஃப்ரீசரில் போட்டுவைத்தேன். வியாழன் விடியற்காலை, அவர்கள் வருமுன் தனியாக நடந்துபோய், அணைக்கட்டின் மேல் இருக்கும் கடைசிப் பெட்டியில் அதை வைத்துப் பொறியைத் தட்டிவிட்டேன். எலி இருக்கிற வழியை யார் கைவிடுவார்கள்? பிறகு ஒன்றும் தெரியாதவன்போலக் கார் நிறுத்துமிடத்துக்குத் திரும்பி, காட்டுக்குள் நோய்க்கிருமி போகாமலிருக்க எல்லோரும் செய்வதுபோல பூட்ஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு நின்றேன்.

அன்று காடு அழகாக இருந்ததில் எனக்குப் பங்கில்லை. மரப்பெரணிகளின் நுனியில் உறைபனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு விசிறிவால் குருவி எங்கள் பின்னாலேயே வந்தது. நாங்கள் கிளப்பிவிடும் பூச்சிக்காக. முதல் பெட்டி காலி. அடுத்ததும் காலி. ஓடையைக் கடக்கும் இடத்தில் ஹேமி நின்றான்.

"ஆன்ட்டி, இன்னொரு சேதி இருக்கு. நேர்ல சொல்லலாம்னு வச்சிருந்தேன். இந்தக் கடைசி ரவுண்டும் சுத்தமா இருந்தா, அடுத்த மாசம் இங்க ராபின் குருவிங்களக் கொண்டுவந்து விடுறாங்க."

நயரி மூக்கைச் சிந்தினாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்தச் சாம்பல்நிறக் குருவி இந்தக் காட்டை விட்டுப் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. பூட்ஸால் மண்ணைக் கிளறினால் காலடியில் வந்து நிற்குமாம். அது வருமென்றுதான் அவள் மழையிலும் மூட்டுவலியிலும் நடந்தாள். நான் அவளுக்காக நடந்தேன். இப்போது என் எலி எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

மீதி வழி முழுக்க முழங்கால் வலி என்றேன். சீஸ் ஸ்கோன் சாப்பிடலாமே என்றேன். கடைசிப் பெட்டி காலியாகத்தான் இருக்கும், போட்டோ மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. ஒருகாலத்தில் ஊருக்கே குடிநீர் கொடுத்த அணை, இப்போது பாதி சரளைக்கல்லால் நிறைந்து, விளிம்பில் மட்டும் தண்ணீரை வழியவிட்டுக்கொண்டு நின்றது. நயரி திருகாணி முடுக்கியை என் கையிலிருந்து வாங்கிக் குனிந்தாள்.

"உள்ள ஒரு எலி இருக்கு," என்றேன். "நான்தான் வச்சேன்."

ஹேமி சிரித்தான். "அங்கிள், இன்னைக்காவது ஜோக்கை விடுங்க."

வாழ்நாளெல்லாம் விளையாட்டாகப் பேசியதற்கு இது கூலி. ஒருமுறை உண்மை சொன்னேன், கைதட்டல்தான் பாக்கி.

மூடி திறந்தது. ஹேமியின் முகம் அப்படியே தொங்கிப்போனது. நயரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு எலியின் வாலைப் பிடித்துத் தூக்கினாள். அது விறைத்து, குச்சிபோல நின்றது. வயிற்றில் ஒட்டியிருந்தது ஒரு பச்சைப் பட்டாணி.

"ஹேமி," என்றாள். "காட்டு எலி ஃப்ரீசர் பட்டாணி தின்னுமா?"

ஹேமி எலியைப் பார்த்தான், பட்டாணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு அணைச்சுவரில் உட்கார்ந்து, தோள் குலுங்கச் சிரித்தான். இந்த எலிக்குக் காட்டோடு சம்பந்தமில்லை, ராபின் வரும் என்று அவன் சொன்னபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. போன் பேச வேண்டும் என்று எழுந்து அணையின் மறுகோடிக்குப் போனான். அங்கே சிக்னல் கிடையாது என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

"எதுக்கு டெஸ்?" என்று நயரி என்னைக் கேட்டாள்.

"பொறியே போன் பண்ணும்னா... அப்புறம் வியாழக்கிழமை..." வானத்தைப் பார்த்தேன். "பனி இந்த வருஷம் சீக்கிரமே வந்துடுச்சு," என்றேன்.

அவள் எலியை ஒரு பைக்குள் போட்டு முடிச்சிட்டாள்.

"என் வீட்டு வாசல்ல பொறி ஒண்ணும் இல்ல," என்றாள். "வந்து தட்டினா திறப்பேன். இத்தன வருஷமா அது உனக்குத் தோணல."

"தோணிச்சு. தட்டத்தான் தெரியல."

"இனி வியாழக்கிழமைன்னா ராத்திரிச் சாப்பாட்டுக்கு வா. கையில ஏதாவது கொண்டு வா." பையை என்னிடம் நீட்டினாள். "உன் ஃப்ரீசர்லேர்ந்து மட்டும் வேண்டாம்."

திரும்பும்போது எலியை நான்தான் சுமந்தேன். விசிறிவால் குருவி மறுபடி பின்னால் வந்தது. வழி பழையபடி நீளமாக இல்லை. நான் பேசாமல் வந்ததாலும் இருக்கலாம்.