வெளியே போகிற சாப்பாடு

அந்தப் படைமுகாமின் தலைமைச் சமையல்காரரை யாரும் பதவி சொல்லிக் கூப்பிடுவதில்லை. உடம்பு அப்படி, அதனால் அவர் 'அண்டா'. இருபத்தாறு வருடம் கரண்டி பிடித்தும் பணிப்பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது. இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. மாசற்ற பணிக்கென்று கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு சான்றிதழ் கொடுப்பார்கள். அதை மாட்டுவதற்காக அவர் மனைவி முன்னறைக் காலண்டரைக் கழற்றி, ஆணியை இப்போதே காலியாக வைத்திருந்தாள். அண்டாவுக்கு அந்த ஆசை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அந்த நேரம் பார்த்துத்தான் புது மென்பொருள் வந்து தொலைத்தது. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றின் சமையலுக்கும் இனி இது ஒன்றுதானாம். மூன்று அடுப்பையும் ஒரே ஊதுகுழலால் ஊதிவிடலாம் என்று மேலிடத்தில் எந்தப் புண்ணியவானுக்கோ தோன்றியிருக்கிறது. உணவுக்கூட வாசலில் ஒரு கருவியை வைத்தார்கள். சாப்பிட வருகிறவர் அதில் அட்டையைத் தேய்க்க வேண்டும். இன்று எத்தனை அட்டையோ, நாளை அத்தனை பேருக்குத்தான் சரக்கு.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முள்வேலியோரக் காவல் கோபுரங்களில் நிற்கும் இருபத்திரண்டு பேர் கூடத்துக்கு வருவதே இல்லை. காவல் நேரத்தில் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தால் தண்டனை. அவர்களுக்கு அடுக்குப் பாத்திரத்தில் வண்டியேறிப் போகும் சாப்பாடு. அட்டை தேய்க்காதவன் மென்பொருளைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. இரண்டாம் நாளே அவர்கள் பங்குச் சரக்கு நின்றுபோனது. அண்டா எல்லோர் தட்டிலும் கொஞ்சம் கிள்ளி ஒப்பேற்றினார். கிள்ளிக் கிள்ளி எத்தனை நாள் ஓடும்? ஒருநாள் திரும்பி வந்த காலிப் பாத்திரத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது. "அண்ணே, இன்னைக்கு மூணு பேருக்கு ரொட்டியே இல்ல. நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

மென்பொருளைக் கற்றுக்கொடுக்க வந்திருந்த பயிற்சிக்காரப் பெண்ணிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டினார்.

"வெளியே போற சாப்பாடுன்னு ஒரே ஒரு கட்டம் போட்டுக் குடும்மா. வேற எதுவும் கேக்கல."

"அஞ்சு நிமிஷ வேலைதாண்ணே. ஆனா மூணு படையும் ஒத்துக்கணும். குழுவுக்கு அனுப்பி வைக்கிறேன்."

குழு மூன்று முறை கூடியது. சாப்பாடு வெளியே போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தகராறெல்லாம் பெயரில்தான். தரைப்படை 'வெளிச்சாப்பாடு' என்றது. எங்களுக்கு வெளியே என்றால் கடல், அதில் எவன் உட்கார்ந்து சாப்பிடுவான் என்று கடற்படை கேட்டது. 'கரைச்சாப்பாடு' என்று வைக்க வேண்டுமாம். விமானப்படை 'பயணப் பொட்டலம்' என்று ஏறி நின்றுகொண்டு ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. பெயர் முடிவாகும்வரை பிள்ளைக்குப் பால் கிடையாது என்கிற நியாயம். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து.

அண்டாவுக்கு வந்த ஆத்திரத்தில் அன்று தாளிக்க வைத்த எண்ணெய் கருகிப்போனது. மறுநாள் வண்டியோட்டியை அனுப்பி இருபத்திரண்டு பேரின் அட்டைகளையும் வாங்கிவரச் செய்தார். மதியம் கருவி முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அது இருபத்திரண்டு முறையும் அவருக்கு வணக்கம் சொன்னது. அடுத்த நாள் சரக்கு முழுசாக வந்து இறங்கியது. பத்து நாள் கோபுரங்களில் வயிறு நிறைந்தது.

பதினோராம் நாள் இருபத்திரண்டு பேருக்கும் ஓலை வந்தது. காவலை விட்டுவிட்டுக் கூடத்தில் போய்ச் சாப்பிட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். மென்பொருள் காவல் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பார்க்குமாம். அதை ஒருவரும் அண்டாவிடம் சொல்லித் தொலைக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அவர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் விசாரணை அதிகாரியின் அறைக்கு ஓடினார்.

"அவங்க யாரும் நகரல சார். அட்டையைத் தேய்ச்சது நான்."

"அப்போ அந்தச் சாப்பாடு எங்க போச்சு?"

"கோபுரத்துக்குத்தான். காலங்காலமா போறதுதானே?"

அதிகாரி கெட்டவர் இல்லை. கணினியைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அதுக்கு இதுல இடமே இல்லியே, அண்டா. கூடத்துல சாப்பிட்டிருந்தா அவங்க காவலை விட்டவங்க. சாப்பிடலன்னா நீங்க..."

"திருடன். அப்படியே எழுதிக்குங்க. பசங்களை விட்டுடுங்க."

அதிகாரி 'இழப்பு' என்ற பக்கத்தைத் திறந்தார். காரணம் கேட்டு ஒரு பட்டியல் விரிந்தது. கெட்டுப்போனது. எலி தின்றது. கொட்டிப்போனது. நான்காவதைப் படித்ததும் அண்டா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். 'கூடத்துக்கு வெளியே எடுத்துச் செல்லப்பட்ட சாப்பாடு.'

மூன்று கூட்டம் போட்டும் கிடைக்காத கட்டம் அங்கே திருட்டுக்கென்று சுளையாக உட்கார்ந்திருந்தது. சோறு போடப் பெயர் கிடைக்காதவர்களுக்குத் திருடனைப் பிடிக்க மட்டும் கிடைத்திருக்கிறது. அண்டாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"சார், இதுல பதிஞ்சா மறுநாள் சரக்கு குறையுமா?"

அதிகாரி தேடிப் பார்த்தார். "குறையாது, இழப்பை ஈடு கட்டிடும். ஆனா ஒவ்வொரு தடவையும் உங்க பதிவேட்டுல ஒரு கரும்புள்ளி விழும். சான்றிதழ் கிடைக்காது. குழு கூடற வரைக்கும் கொஞ்சம் பொறுங்களேன்."

"நான் பொறுப்பேன் சார். வயிறு பொறுக்குமா?"

ஓலைகள் அன்றே திரும்பப் பெறப்பட்டன. வீட்டில்தான் இடி விழுந்தது. "திருடன்னு உங்க வாயாலயே சொல்லிட்டு வந்தீங்களா? வேற ஆளே கிடைக்கலியா அவங்களுக்கு?" என்று கேட்டுவிட்டு மனைவி அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள். காலையில் பார்த்தபோது காலண்டர் பழையபடி ஆணியில் தொங்கியது.

அன்று முதல் தினமும் பன்னிரண்டரைக்கு அண்டா கையைத் துடைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்காருவார். தன் எண்ணைப் போட்டு, நான்காவது காரணத்தை அழுத்தி, தன்னைத் திருடன் என்று இருபத்திரண்டு முறை பதிவார். பிறகு வாசலைப் பார்த்து வண்டியோட்டிக்குக் குரல் கொடுப்பார்.

"எடுத்துட்டுப் போப்பா, ஆறிடப் போகுது."