குடமில்லாத ஓட்டம்

மைதானத்தின் மேற்குக் கோடியில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் மில்லில் நூல் சுற்றும் ரீலிங் பகுதிப் பெண்கள் காலையிலிருந்து குந்தியிருந்தார்கள். சித்திரை வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டும் கழுத்து எரிந்தது. அவர்களுக்கு எதிரே, மில் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடங்கள் வாய் ததும்பத் தண்ணீரோடு வரிசையாக இருந்தன. மலையம்மாள் ஒரு கை அள்ளப் போனாள். காவல்காரன் தடியால் தரையைத் தட்டினான்.

"தொடாத. அது பந்தயத்துத் தண்ணி."

லண்டன் ராஜாவுக்கு வெள்ளி விழா என்று மில்லுக்கு அன்று லீவு. பந்தலில் மானேஜர் துரையும் துரைசானியும் விசிறிக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களின் பந்தயங்கள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேஜைமேல் ஏறி நின்று, தகரக் குழாயை வாயில் வைத்து, ஜெயித்தவன் பேரையும் பகுதியையும் கூவிக்கொண்டிருந்தார் தனிஸ்லாஸ்.

"யக்கா, உங்க வீட்டுக்காரரு தொண்டையில என்னத்த வச்சிருக்காரு? இங்கன வரைக்கும் அதிருது" என்றாள் மாயக்காள்.

ஆனிமேரி சிரித்தாள். "எல்லாம் டெண்டுக் கொட்டகையில வளத்த தொண்டை."

பேசாத படம் ஓடிய காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர் தனிஸ்லாஸ். குதிரைச் சவாரியும் கத்திச் சண்டையும் அவர் வாயால் கேட்டால்தான் படம் பார்த்த மாதிரி இருக்கும் என்று வாடிப்பட்டியிலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்திருக்கிறார்கள். பேசும் படம் வந்தது. கொட்டகை முதலாளி புது மெஷினை வாங்கினார். தனிஸ்லாசைப் போகச் சொன்னார். அன்று முதல் ஆனிமேரியின் கூலியில்தான் குடும்பம் ஓடியது. விழாவுக்குப் பொறுப்பான ஆபீஸ் கிளார்க் இன்பசேகரன் அவரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு நல்லபடியா செஞ்சு கொடுத்தா மில் கேட்டுல ஒரு வேலைக்குச் சொல்றேன்" என்றிருந்தார். பெண்கள் பந்தயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார்: "அது துரைசானி சிரிக்கிறதுக்கு வச்சது. நல்லா வேடிக்கையாப் பேசி விடுங்க. பேரெல்லாம் வேணாம், நேரம் ஆகும்."

முந்தின நாள் சோறு போடும்போது ஆனிமேரி கேட்டிருந்தாள்: "போன வருச விளையாட்டுல 'செவப்புச் சேலை ஜெயிச்சிருச்சு'ன்னு சொன்னாங்க. நீங்களாச்சும் பேரைச் சொல்லுங்க."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

விசில் ஊதியது. பெண்கள் குடங்களைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். பத்தடி போவதற்குள் தண்ணீர் தளும்பி முகத்தில் கொட்டியது. நனைந்த சேலை காலைச் சுற்றியது. கயிற்றோரம் நின்ற கூட்டம் சிரிக்கத் தொடங்கியது.

"வைகையில தண்ணி இல்லேன்னு யாரு சொன்னது?" தகரக் குழாய் முழங்கியது. "இந்தா வருது பாருங்க வெள்ளம்!"

பந்தலில் துரைசானி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாரோ சொல்லித்தான் அவளுக்கு அர்த்தம் தெரிந்திருக்கும். இன்பசேகரன் மேஜையைப் பார்த்துத் தலையாட்டினார்.

"அடடா, குடம் ஓடுதா, பொம்பள ஓடுதா?"

அப்போது ஒருத்தி சேலை தடுக்கிக் குப்புற விழுந்தாள். குடம் கணகணவென்று உருண்டு போனது. மைதானமே கொல்லென்று சிரித்தது. விழுந்தவள் முழங்காலை ஊன்றி எழுந்தபோதுதான் தனிஸ்லாஸ் அவள் முகத்தைப் பார்த்தார். ஆனிமேரி. முழங்கையில் தோல் வழண்டு மண்ணும் ரத்தமுமாக இருந்தது. அவள் மேஜையைப் பார்க்கவில்லை.

குழாய் அவர் வாயிலிருந்து இறங்கியது.

முன்னால் போய்க்கொண்டிருந்த மாயக்காள் நின்றாள். குடத்தை இறக்கி மண்ணில் வைத்தாள். ஓடிப்போய் ஆனிமேரியைத் தூக்கிவிட்டாள். பின்னால் வந்த இன்னாசியம்மாளும் குடத்தை இறக்கினாள். மலையம்மாள் இறக்கினாள். ஒவ்வொருத்தியாக எல்லாரும் இறக்கிவிட்டார்கள்.

காவல்காரன் ஓடி வந்தான். "தூக்குங்க, தூக்குங்க! துரை பாக்குறாரு!"

"குடத்த எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றாள் மாயக்காள். "ஓடச் சொன்னா ஓடுறோம். தண்ணி சுமக்கிறது வீட்டுல தெனமும்தான் நடக்குது."

கயிற்றோரம் ஒரு குரல், "ஓட விடுங்கப்பா!" என்றது. பஞ்சுப் பகுதி மொக்கைச்சாமிதான். காலையில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தவன். அவனைச் சுற்றி நின்றவர்களும் கத்தினார்கள்.

இன்பசேகரன் மேஜைக்கு விரைந்து வந்தார். "முடிஞ்சதுன்னு சொல்லுங்க. சொல்லுங்க தனிஸ்லாஸ்!"

தனிஸ்லாஸ் குழாயைத் தூக்கினார்.

"மகாஜனங்களே! இப்ப நீங்க பாத்தது வேடிக்கை. இனிமே நடக்கப்போறதுதான் பந்தயம்! குடம் இல்லை, சிரிப்பு இல்லை. மைதானத்தச் சுத்தி ஒரு முழுச் சுத்து!"

துரை அதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கை தட்டினார். அவர் கை தட்டிவிட்டதால் இன்பசேகரன் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றார்.

பெண்கள் சேலையைப் பிழிந்து, கொசுவத்தை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அவர்கள் கோட்டுக்கு வருவதற்குள் குழாய் ஒவ்வொருத்தியாக அழைத்தது.

"இவ வாடிப்பட்டி மலையம்மாள்! ரீலிங்கில நூலைச் சிட்டமாச் சுத்துற கை இது, கால் என்ன பண்ணுதுன்னு பாப்போம். இது இன்னாசியம்மாள், சிந்தாமணி! நெட்டக்காலு. ஒரு எட்டு வச்சா நமக்கு ரெண்டு எட்டு! அந்தக் கடைசியில நிக்கிறது மாயக்காள், கீழக்குயில்குடி! சமணமலை அடிவாரத்துல கோழி கூவுறப்பக் கிளம்பி, கண்மாய்க் கரையும் ரயில் ரோடும் தாண்டி, மில் சங்கு ஊதி முடியறதுக்குள்ள கேட்டுக்குள்ள வந்து நிக்கிற பிள்ள! ஒரு நாளு பிந்தினா அன்னைக்குக் கூலி இல்லை. அதனால பிந்தினதே இல்லை!"

கூட்டம் கயிற்றை முன்னால் தள்ளியது. மாயக்காள் நிமிர்ந்து மேஜையைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் அவள் பேரை யாரும் சொன்னதில்லை. மேஸ்திரி கூட, "ஏய், அஞ்சாம் மெஷின்" என்றுதான் கூப்பிடுவார்.

விசில்.

"புறப்பட்டாச்சு! முன்னால யாரு? இன்னாசியம்மாள்! வரப்பத் தாண்டுற கொக்கு மாதிரிப் போறா! மலையம்மாள் ரெண்டாவது! மாயக்காள் எங்க? ஆறாவது! என்ன மாயக்காள், சங்கு ஊதலையா இன்னும்?"

சிரிப்பு எழுந்தது. இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவளோடு சேர்ந்து ஓடியது. வெறுங்காலுக்குக் கீழே மண் சுட்டது. கண்மாய்க் கரையில் ஓடுகிற மாதிரிதான் ஓடினாள்: தோளைத் தளர்த்தி, மூச்சை மூக்கில் இழுத்து, எட்டை மாற்றாமல். வடக்கு மூலையில் இரண்டு பேர் களைத்துப் பின்தங்கினார்கள்.

"நாலாவது! பாத்தீங்களா, அவசரப்படல. தூரம் போறவ ஓட்டம் அது. மூணாவது! மலையம்மா, திரும்பிப் பாக்காத, திரும்பிப் பாத்தா போச்சு... பாத்துட்டா! மாயக்காள் ரெண்டாவது!"

மைதானத்தைச் சுற்றி ஆட்கள் கயிற்றுக்கு வெளியே கூடவே ஓடினார்கள். ஆனிமேரி முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "விடாத மாயா, விடாத!" என்று கத்தினாள். தனிஸ்லாசுக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.

"கடைசித் திருப்பம்! இன்னாசியம்மாள் விடுவாளா? மூச்சு வாங்குது, ஆனா விட மாட்டா. ரெண்டு பேரு தோளும் ஒண்ணா வருது! மகாஜனங்களே, கூப்பிடுங்க! பேரு சொல்லிக் கூப்பிடுங்க!"

"மாயக்காள்! இன்னாசீ! மாயக்காள்!"

எல்லைக் கோட்டில் பிடித்திருந்த நாடா மாயக்காளின் நெஞ்சில் பட்டு அறுந்தது. நிற்கத் தெரியாமல் அவள் இன்னும் கொஞ்ச தூரம் ஓடி, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். இன்னாசியம்மாள் வந்து அவள் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள்.

பரிசு கொடுத்தார்கள். ஆண்களுக்குக் கோப்பைகள். குடமில்லாத ஓட்டம் நிகழ்ச்சியில் இல்லாததால் அதற்குப் பரிசு எதுவும் வாங்கி வைத்திருக்கவில்லை. துரைசானி ஒரு சோப்புக் கட்டியை அனுப்பினாள். போட்டோ எடுப்பவர் கேமரா முக்காலியை நட்டு, ஜெயித்தவர்களைத் துரையோடு நிற்க வைத்தார். அந்த நேரத்தில் பெண்களைக் குடங்களைக் கழுவி ஸ்டோரில் ஒப்படைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"துரைசானியைச் சிரிக்க வைக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்" என்றார் இன்பசேகரன், கூட்டம் கலைந்ததும். "கேட்டு வேலைக்கு வேற ஆளு பாத்தாச்சு."

"சரிங்க சார்" என்றார் தனிஸ்லாஸ். தொண்டை கட்டியிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஆனிமேரியின் காயத்தில் ஊதிக்கொண்டே வந்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு என்ன பண்ணப்போறீங்க?"

"தெரியல மேரி. ஆனா எம்புட்டு நாளாச்சு இப்படிக் கத்தி!"

மறுநாள் சாயங்காலம் மில் வாசல் காப்பிக் கடையில் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்தார். வெள்ளி விழா விளையாட்டு. மொக்கைச்சாமி பேர் இருந்தது. நீளம் தாண்டியவன், கயிறு இழுத்தவர்கள், எல்லார் பேரும் இருந்தது. கடைசியில், 'மாதர்களுக்கான வேடிக்கைகளும் நடைபெற்றன' என்று இருந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றான் மொக்கைச்சாமி. பத்திரிகையை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "அந்த ஓட்டம் எங்கப்பா?"

அந்தப் பக்கமாக வேலை தேடி வந்த தனிஸ்லாசை நாலு பேர் பிடித்துப் பெஞ்சில் ஏற்றினார்கள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நேத்து வராதவங்க நெறைய இருக்காங்க."

அவர் துண்டை இடுப்பில் கட்டினார். குழாய் இல்லை; உள்ளங்கைகளைக் குவித்துக்கொண்டார். "மகாஜனங்களே!" என்று ஆரம்பித்ததும் ரோட்டில் போன வண்டிகள் நின்றன. மில்லை விட்டு வந்த ஆண்கள் அங்கேயே கூடினார்கள். கதை வடக்கு மூலைக்கு வரும்போது கூட்டம் ரோட்டை அடைத்துவிட்டது.

மில் சுவருக்கு உள்ளே, சாக்குப் படுதாவுக்குப் பின்னால், பெண்களை இன்னும் விடவில்லை. யாராவது நூல் திருடிக்கொண்டு போகிறார்களா என்று ஒவ்வொருத்தியாகச் சோதித்துத்தான் வெளியே அனுப்புவார்கள். மாயக்காளின் முறை வந்தபோது சுவருக்கு அப்பாலிருந்து சத்தம் எழுந்தது.

"கூப்பிடுங்க! பேரு சொல்லிக் கூப்பிடுங்க!"

"மாயக்காள்! மாயக்காள்!"

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் நின்ற இன்னாசியம்மாள் அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"என்னடி இளிப்பு? கையத் தூக்கு" என்றாள் சோதனைக்காரி.

மாயக்காள் இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். சோதனைக்காரி அவள் கொண்டையை அவிழ்த்து உதறினாள். இடுப்பைத் தடவினாள். மடியைப் பிரித்துப் பார்த்தாள். வெளியே இன்னும் பலமாக அவள் பேரைக் கூவினார்கள்.

"அசையாம நில்லு."

கைகளைத் தூக்கியபடியே அவள் அசையாமல் நின்றாள்.