இருபது மீட்டர், நேர் எதிரே

எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்குப் பத்திரிகை ஓரவஞ்சனை செய்கிறது என்று கிலாட்ராவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பத்திரிகை வேறு யாருமில்லை, நான்தான்.

மாவட்டத்தின் வாரப் பத்திரிகையில் இருபத்திரண்டு வருஷமாக விளையாட்டுப் பக்கம் எழுதுகிறேன். பிறந்தது கிலாட்ராவில், இன்றைக்கும் குடியிருப்பது இங்கேதான். சொந்த ஊர்க்காரி ஊருக்கு ஆதரவாக நாலு வார்த்தை எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா என்பது இவர்கள் கேள்வி. புதன்கிழமை காலையில் பேப்பர் கட்டு வந்து இறங்கியதும் கடைக்காரி பெர்னி அளவுகோலை எடுத்துவிடுவாள். ரொட்டி, பால், அடுப்புக் கரி, அதற்கப்புறம் என் பக்கம். எல்லாமே அவளுக்கு அளந்து பார்க்கிற சரக்கு.

"பாலினரோன் பசங்க போட்டோ ஒம்போது அங்குலம். நம்ம பசங்களுக்கு நாலு. அதுவும் எங்க? மரண அறிவிப்புக்கு எதிர்ப்பக்கம்!"

"அவங்க ஜெயிச்சாங்க பெர்னிக்கா. நம்மாளுங்க பதினோரு பாயிண்ட்ல தோத்தாங்க."

"தோத்தா என்னடி ஊனா? தோத்த மூஞ்சி போட்டோவுல விழாதா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இதை ஒருமுறை நான் வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். ஒரு மாதம் எனக்கு நேற்றைய ரொட்டிதான் கிடைத்தது.

பெர்னியின் அளவுகோலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. என்னை அரித்தது வேறு. என் தம்பி லோர்கன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மாவட்ட அரையிறுதி. லோர்கன் எங்கள் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன், வயது முப்பத்திநாலு. கடைசி நிமிஷம், ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். கம்பங்களுக்கு நேர் எதிரே எங்களுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. எங்கள் ஐரிஷ் கால்பந்தில் அணிக்குப் பதினைந்து பேர், பந்தைக் கையாலும் பிடிக்கலாம். வலைக்குள் போட வேண்டும் என்றுகூட இல்லை, குறுக்குக் கம்பத்துக்கு மேலே தட்டிவிட்டால் ஒரு பாயிண்ட், ஆட்டம் சமன். லோர்கன் உதைத்தான். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போய்ச் சேற்றில் விழுந்தது.

நான் எழுதினேன்: "கிலாட்ராவின் ஆட்டம் அந்த ஒரு உதையில் முடிந்தது. இருபது மீட்டர். நேர் எதிரே. பள்ளிக்கூடப் பையன்கூட அதைப் போட்டிருப்பான்."

முதல் மூன்று வாக்கியமும் செய்தி. நாலாவது என் கோபம். மைதானத்தில் எனக்கு அழுகை வந்தது, பத்திரிகைக்காரி அழக்கூடாது, அதனால் அந்த வரியை எழுதினேன். அதைத் தம்பியிடம் நான் சொன்னதும் இல்லை, அவன் கேட்டதும் இல்லை.

அதற்காக அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் போய்ச் சண்டை போட்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான், உருளைக்கிழங்கை என் பக்கம் நகர்த்துவான், மாட்டுச் சந்தை நிலவரம் சொல்வான், மழையைத் திட்டுவான். கால்பந்து மட்டும் பேசமாட்டான். நான் பேச்செடுத்தால் எழுந்து போய்க் கெண்டியில் தண்ணீர் பிடிப்பான். சின்ன வயசிலிருந்து ஒரு பந்துக்கு இரண்டு பேராக அடித்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பதினோரு வருஷமாக இருவருமாக மாட்டையும் மழையையும் பேசித் தீர்த்தோம்.

இந்த வருஷம் லோர்கனை அணிக்கு மேனேஜராகப் போட்டார்கள். அவன் செய்த முதல் காரியம், என் பக்கத்தைக் கத்தரித்து உடை மாற்றும் அறையின் கதவில் குத்தியதுதான். "கிலாட்ராவுக்கு முதல் சுற்றைத் தாண்டுவதே கஷ்டம்" என்று எழுதியிருந்தேன். பையன்கள் அதைப் படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு போய் ஜெயித்தார்கள். அடுத்த சுற்றுக்கு "அதிர்ஷ்டம் இரண்டு முறை கதவைத் தட்டாது" என்றேன். ஜெயித்தார்கள். அரையிறுதிக்கு "நடுக்களத்தில் ஓட்டை" என்றேன். அதிலும் ஜெயித்தார்கள்.

பெர்னி அந்த வாரம் எனக்குச் சூடான ரொட்டி கொடுத்தாள். "நல்லா திட்டுடி ராசாத்தி. உன் வாக்கு தலைகீழாத்தான் பலிக்குது. நீ தோக்கும்னா பசங்க ஜெயிக்குறாங்க. இறுதிப் போட்டிக்கு இன்னும் கொஞ்சம் காரமா எழுது."

எனக்கு வந்ததே ஆத்திரம். நான் கரித்துக் கொட்டுவதற்கா எழுதுகிறேன்? கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். அரையிறுதியில் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது, அதையும் கண்ணால் பார்த்தேன். கேப்டன் டாரா நடுக்களத்தில் நின்றால் அவனைத் தாண்டி ஈ போகாது. இறுதியில் எதிராளி பாலினரோன், நகரத்து அணி, பேர் பெற்ற அணி, ஆனால் கால்கள் கிழடு தட்டியிருந்தன. எனவே இறுதிப் போட்டி வாரத்தில் எழுதினேன்: "கிலாட்ரா வெல்லும். நாலு பாயிண்ட் வித்தியாசத்தில்."

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு லோர்கன் பத்திரிகை ஆபீசுக்குள் வந்தான். காலில் தொழுவத்து ரப்பர் பூட்ஸ். கையில் என் பக்கம்.

"அக்கா, எங்கள என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. கால்பந்து. என் தம்பி என்னிடம் கால்பந்து பேசுகிறான்.

"ஜெயிப்பீங்கன்னு எழுதியிருக்கேன். அதுல என்ன தப்பு?"

"தப்பா? முப்பத்தியோரு வருஷம் கழிச்சு இறுதிக்கு வந்திருக்கோம். கதவுல குத்தறதுக்கு ஒண்ணுமில்லாம பண்ணிட்டியே! பசங்க இதப் படிச்சிட்டு நேத்து பயிற்சியில சிரிச்சுட்டு ஓடறானுங்க. டாரா எங்கிட்டயே கேக்கறான், கோப்பைய எந்த மேசையில வைக்கலாம்னு."

"பேப்பர் இன்னைக்குத்தானே வந்துது? நேத்து எப்படிப் படிச்சாங்க?"

"உங்க அச்சாபீசுல நம்ம ஊர்ப் பையன் இல்லையா என்ன?" நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். "வெள்ளிக்கிழமை ரேடியோவுல பேசுவல்ல? அதுல ஒரு நாலு வார்த்தை திட்டிடு. கோல்கீப்பர் சரியில்லன்னு சொல்லு. மேனேஜர் முட்டாள்னு சொல்லு. என்னைய என்ன வேணா சொல்லு, நான் கோச்சுக்கமாட்டேன்."

மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையாக மூன்று பேர் டைப் அடிப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

"மாட்டேன்" என்றேன்.

"அக்கா."

"லோர்கன், ஜெயிப்பீங்கன்னு தோணுது, எழுதினேன். தோப்பீங்கன்னு தோணினப்ப அதையும் எழுதினேன். உனக்காகப் பொய் சொல்லச் சொல்றியா?"

அவன் எழுந்தான். கதவுவரை போய்விட்டான். கேட்டுவிடுவது என்று கேட்டேன்.

"அன்னைக்கு எழுதினேனே, அந்தக் கடைசி வரி..."

"எந்த வரி?" என்றான், திரும்பாமல். "மாடு கண்ணு போடற நேரம். நான் வரேன்."

அவ்வளவுதான். தரையில் பூட்ஸ் சேறு மட்டும் இருந்தது. பதினோரு வருஷம் கழித்துத் திறந்த பேச்சையும் மூடிவிட்டேனே என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ரேடியோவிலும் கிலாட்ராதான் என்றேன். சனிக்கிழமை பெர்னி கடையில் எனக்கு ரொட்டியே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. ஊரில் நாய்கள் மட்டும்தான் வீட்டில் இருந்தன. பத்திரிகையாளர் வரிசையில் கைதட்டக்கூடாது, கத்தக்கூடாது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஐந்து நிமிஷம் மிச்சம் இருக்கும்போது சமன். டாரா ஓரக்கோட்டிலிருந்து தூக்கி உதைத்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனபோது நான் நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் டப்ளின் பேப்பர்க்காரர் என் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும்மா. நாம பத்திரிகைக்காரங்க."

"நீங்க உக்காருங்க. இது என் ஊரு."

பாலினரோனின் கடைசி உதை கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தோம். நான் அழுதேன், இந்த முறை மறைக்கவில்லை.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு டாரா மைக்கைப் பிடித்தான். "எங்கள ஒருத்தரும் நம்பல!" என்று முழங்கினான். "எந்தப் பேப்பரும் நம்பல! எழுதி எழுதிக் குழியில தள்ளினாங்க!" கூட்டம் கூரை பிளக்கக் கத்தியது. பெர்னி எல்லாரையும்விட அதிகமாகக் கத்தினாள், கையில் என் பக்கத்தைத்தான் சுருட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். "கிலாட்ரா வெல்லும்" என்ற தலைப்பு எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நான் அவன் பேச்சை ஒரு சொல் விடாமல் குறித்துக்கொண்டேன். என்ன செய்வது, அவன் சொன்னது அதுதான்.

பேட்டிக்காக உடை மாற்றும் அறைக்குப் போனேன். "எல்லாரும் துணி போட்டாச்சா?" என்று கத்திவிட்டுக் கதவைத் தள்ளினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

கதவில் இரண்டு துண்டுகள் குத்தியிருந்தன. கீழே இந்த வாரத்து என் பக்கம். மேலே பழுப்பேறி, நாலாக மடித்த தடத்தில் கிழியப் பார்க்கும் ஒரு துண்டு. "இருபது மீட்டர். நேர் எதிரே." நாலாவது வரியும் அப்படியே இருந்தது.

டாரா பின்னால் வந்து நின்றான். மைக்கில் பேசிய வீரம் எல்லாம் போய் அசடு வழிந்தான்.

"மன்னிச்சுக்குங்க ஊனாக்கா. மைக்கப் புடிச்சா வாய் தானா அப்படித்தான் பேசுது."

"அது கெடக்கட்டும். இது எங்கேர்ந்துடா வந்துது?"

"லோர்கன் அண்ணன் பர்ஸ்லேர்ந்து. ஆட்டத்துக்கு முன்னாடி எடுத்து எங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாரு. அப்புறம் சொன்னாரு: 'இத எழுதினவ என் கூடப் பிறந்தவ. எனக்காகக்கூடப் பொய் எழுதாதவ, உங்களுக்காகவா எழுதப் போறா? அவ ஜெயிப்பீங்கன்னு சொல்றா. போய் ஆடுங்கடா.'"

அன்றைக்கு லோர்கனோடு பேச முடியவில்லை. ஊர் எல்லையில் சொக்கப்பனை எரிந்தது, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான், அல்லது யாரையோ பார்த்து.

புதன்கிழமை காலை நான் அடுப்படியில் இருந்தபோது வந்தான். பேப்பரை மேசையில் போட்டு, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் பத்துக்கு எத்தனை என்று நான் போட்டிருந்த மார்க்குகளில் விரலை வைத்தான்.

"டாராவுக்கு எட்டா? அக்கா, உனக்குக் கண்ணு தெரியுதா? ஒம்போதரை போட்டிருக்கணும்!"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஒம்போதரையா? முதல் பாதியில ரெண்டு பந்த கைநழுவ விட்டானே, அது யாரு, அவன் தாத்தாவா?"

"பந்து நனைஞ்சிருந்துது!"

"பாலினரோன்காரனுக்கும் அதே பந்துதான்."

பதினைந்து பேரையும் ஒவ்வொருவராகப் பிடித்துச் சண்டை போட்டோம். டீ ஆறி ஏடு கட்டியது. நாலு பாயிண்ட் என்று எழுதியதற்கு என்னைத் தனியாக ஒரு பிடி பிடித்தான். எனக்குச் சந்தோஷத்தில் என்ன பேசுகிறோம் என்றே பாதி நேரம் தெரியவில்லை.

அவன் எழும்போது சொல்லிவிட்டேன். "அந்தக் கடைசி வரிய நான் எழுதியிருக்கக்கூடாது லோர்கன். கோபத்துல எழுதினேன்."

"பள்ளிக்கூடப் பையனா? அது சரிதானே. போட்டிருப்பான்தான்." தொப்பியை எடுத்துக்கொண்டான். "தப்பு அதுல இல்ல. இருபது மீட்டர்னு எழுதினியே, அதுல."

"என்ன?"

"பதினெட்டு. மறுநாள் விடிஞ்சதும் நாடாவ எடுத்துட்டுப் போய் அளந்தேன். பதினெட்டு மீட்டர். பதினோரு வருஷமா சொல்லணும் சொல்லணும்னு இருக்கேன்."

அடுத்த வாரம் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், மாட்டுத் தீவன விளம்பரத்துக்கு மேலே, ஒரு திருத்தம் வந்தது. "பதினோரு ஆண்டுகளுக்கு முன் நடந்த அரையிறுதியில் லோர்கன் கெராட்டி தவறவிட்ட உதையின் தூரம் இருபது மீட்டர் என்று எழுதியிருந்தோம். சரியான தூரம் பதினெட்டு. நீண்ட காலத் தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறோம்." திருத்தங்களுக்குப் பெயர் போடுவது வழக்கமில்லை. நான் கீழே என் பெயரைப் போட்டேன்.

பெர்னி அளவுகோலை வைத்துப் பார்த்தாளாம். ஒன்றேகால் அங்குலம், அதுவும் மாட்டுத் தீவனத்துக்குப் பக்கத்தில், இதைவிட ஓரவஞ்சனை உண்டா என்றாளாம். லோர்கன் அவளிடம் கத்தரிக்கோல் கேட்டானாம்.