மூன்று தாழ்ப்பாளுக்குப் பின்னால் கிழங்கு

1

இந்தக் கதை இடுப்புவலியில் பிறந்தது. ஃபிஜித் தீவில் ராக்கிராக்கிப் பக்கம் ஒரு கிராமத்தில், ஒரே வாசலுக்கு ஒரே மாதத்தில் மூன்று கதவு மாட்டினேன். மூன்றாவதைத் தூக்கியபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. படுத்தபடி எழுதுகிறேன். அடித்த வரிகளை அழிக்கப் பொறுமையில்லை, அப்படியே கிடக்கட்டும்.

"கடலோரத்தில் தன்னந்தனியாக ஒரு வீடு நின்ற

இல்லை. இருபுறமும் வீடுகள். முன்னால் ஊரே நடக்கிற பாதை.

2

அரியெத்தா தலைநகர் சுவாவில் இருந்தபோது திருடன் பின்கதவை உடைத்து உள்ளே வந்தான். அன்றோடு அவள் தூக்கம் போயிற்று. கணவன் கப்பல் வேலைக்குப் போனதும் அவன் ஊருக்கு வந்து தனியே குடியேறினாள். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: நிம்மதியாகத் தூங்க ஒரு கதவு.

கனத்த மரக்கதவு, மூன்று தாழ்ப்பாள்.

(புயல்காற்று தள்ளினால் இன்னும் இறுகட்டும் என்று வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தேன். அப்படி வைத்தால் கீல் வெளியே வந்துவிடும். எவனும் ஊசியைத் தட்டி உருவாதபடி அதன் முனைகளை நசுக்கிவிட்டேன். கதைக்கு இது வேண்டாம். வீட்டுக்கு வேண்டும்.)

நன்றாகத் தூங்கினாள். மறுநாள் மதியம் கதவைச் சாத்தியபடியே சாப்பிட உட்கார்ந்தாள். அங்கேதான் தப்பு. அந்த ஊரில் சாப்பிடுகிறவர்கள் கதவைத் திறந்து வைத்து, பாதையில் போகிறவர் யாரானாலும் கூப்பிடுவார்கள். பக்கத்து வீட்டு வாசிதி, அரியெத்தாவின் கணவனுக்குத் தங்கை முறை. கேலி பேச உரிமை உள்ளவள்.

"மதினி, உள்ள என்ன, விருந்துக்கு ஆமையா வேகுது?"

"வெறும் மரவள்ளிக்கிழங்குதான் மதினி."

"கிழங்குக்கே மூணு தாழ்ப்பாளா? மீன் வாங்குனா போலீஸக் காவல் போடுவ போல."

ஊர் சிரித்தது. அதுகூடப் பரவாயில்லை. அடுத்த நாள் அரியெத்தா பாதையில் நடந்தபோது ஒரு வீட்டிலிருந்தும் "வந்து சாப்பிடு" என்ற குரல் வரவில்லை. தூக்கம் கிடைத்தது, ஊர் போய்விடும் போலிருந்தது.

3

இங்கே அவளை அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். பொய், அடித்துவிட்டேன். அவள் என்னைத்தான் கூப்பிட்டனுப்பினாள்.

இரண்டாவது, கம்பிக் கதவு. பூட்டியபடியே கூப்பிடலாம். கூப்பிட்டாள். வாசிதி வந்து கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"எத்தன வருஷம் போட்டாங்க மதினி?"

அரியெத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கழட்டுங்கண்ணே" என்றாள்.

4

மூன்றாவது, குறுக்கே இரண்டாக அறுத்த கதவு. மேல்பாதி திறந்திருக்கும், கீழ்பாதியில் தாழ்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு எல்லாரும் வருகிற நேரம். தேங்காய்ப்பாலில் மீன். அரியெத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டாள்.

பாதையில் எல்லாரும் நின்றார்கள். வாசிதி மட்டும் வந்து கீழ்க்கதவின் மேல் முழங்கையை ஊன்றினாள்.

"நல்ல கதவு மதினி. இப்பிடியே வெளிய நீட்டிருவியா, கடையில தர்ற மாதிரி? எவ்ளோ காசு?"

முடிவு ஒன்று: தட்டை மேலாக நீட்டுகிறாள். எல்லாரும் சிரி

முடிவு இரண்டு: தாழ்ப்பாளை இழுக்கிறாள். பின்னாலேயே பாதையில் நின்ற பதினான்கு பேரும் உள்ளே. மீன் போதாது.

எது நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் வெளியே இடுப்பைப் பிடித்தபடி குனிந்து மரத்தூள் கூட்டிக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் உள்பக்கம். இவ்வளவு நேரம் அவளோடு உள்ளே இருந்தது நீங்கள்தான்.

சீக்கிரம், மீன் ஆறுகிறது.